நான்காம் அத்தியாயம்: இரண்டரை வயதுக் குழந்தையும் பாலர் பள்ளியும்

பாலர் பள்ளியில் புதிதாகப் பணி ஏற்ற ஆசிரியையர் முதல் வாரத்தின் முடிவில் சொல்லுகிற குறை எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. பயிற்சியில் கற்றுவந்த பாட்டுகளையும் கதைகளையும் நிறங்களையும் வடிவங்களையும் சொல்லித்தர வேண்டுமென்று எவ்வளவோ ஆவலோடு வந்தும், ஒருத்திக்கு மூக்கைத் துடைத்து, மற்றொருவனுக்கு நனைந்த ஜட்டியை மாற்றி, அழுகிறவனைத் தோளில் போட்டுத் தட்டி, சிந்திய சோற்றை வழித்தெடுத்து நிமிர்வதற்குள் மணி பன்னிரண்டாகிவிடுகிறது. பாடம் நடத்த நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விடை சொல்லுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். மூக்கைத் துடைப்பதும் ஜட்டி மாற்றுவதும் சோறு உண்ணப் பழக்குவதுந்தான் இரண்டு முதல் மூன்றரை வயது வரையுள்ள குழந்தைக்குப் பிரதானமான பாடம். பாட்டும் கதையும் அந்தப் பாடத்தோடு பின்னிக்கொண்டு வருகிறவை. போதிக்கிறவர் ஒருவர், துடைக்கிறவர் வேறொருவர் என்று நாம் வகுத்து வைத்திருக்கும் பிரிவினையே இப்பிராயத்துக் குழந்தைகளின் கல்வியில் நேர்கிற அநேக சங்கடங்களுக்கு மூலகாரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது புதிதாகப் பிறந்த தத்துவம் அன்று. 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தபோது, அங்கே வந்து சேர்ந்தவர்கள், பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றித் திரிந்துகொண்டிருந்த சிறுவர் சிறுமியர். மூக்கை எவ்வாறு சிந்தித் துடைப்பது என்று ஒருநாள் அவர் நிதானமாகச் செய்து காட்டியபோது குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். மூக்கு ஒழுகுகிறதென்று ஓயாமல் ஏச்சுக் கேட்ட குழந்தைகளுக்கு, அதைச் செய்வது எப்படியென்று மரியாதையோடு காட்டித் தந்தவர் அதற்கு முன்பு ஒருவருமில்லை. அதே அம்மையார் 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்நாட்டிலேயே தங்கி, கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் வசித்தார். ஆகவே இக்கொள்கை தமிழ்நாட்டுக்குப் புதியதென்று யாரும் சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்துக் கடலோரக் கிராமமான போர்டியில் 1945-இல் பணி தொடங்கிய தாராபாய் மோடக், பழங்குடிக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வராததைக் கண்டு, பள்ளியையே அவர்களுடைய குடிசை முற்றத்துக்கு எடுத்துச் சென்றார். குளிப்பாட்டித் தலைவாரிவிடுவது அங்கே கல்வியின் ஆரம்பமாக இருந்தது. 1946-இல் புடாபெஸ்ட் நகரில் தாய்தந்தையற்ற சிசுக்களுக்கான இல்லமொன்றைத் தொடங்கிய எம்மி பிக்லர் என்ற மருத்துவப் பெண்மணியோ, குழந்தையைக் கழுவும்போதும் உடுத்தும்போதும் செய்யப்போவதை அதனிடம் முன்கூட்டிச் சொல்லி, அதன் இசைவைப் பெற்று, அவசரமின்றிச் செய்ய வேண்டுமென்று தம் தாதியரைப் பழக்கினார்.

நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், ஊட்டச்சத்தையும் தடுப்பூசியையும் உடல்நலப் பரிசோதனையையும் முன்பருவக் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் நடக்கின்றன. சோறும் பாட்டும் ஒரே அறையில் இருக்க வேண்டுமென்ற அந்த ஏற்பாடு விவேகமானது. அந்த அறைக்குள் இரண்டும் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பதுதான் வருந்தத்தக்கது.

இனி நடைமுறைக்கு வருவோம். குழந்தையைச் சேர்க்க வருகிற தாயிடமோ பாட்டியிடமோ பிறந்த தேதியையும் ஆதார் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்வதோடு ஆசிரியை நின்றுவிடக் கூடாது. வீட்டில் குழந்தையை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பதிவேட்டில் உள்ள நீண்ட பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பியே பார்க்காத குழந்தை, ‘பாப்பு’ என்றோ ‘குட்டிம்மா’ என்றோ கூப்பிட்டவுடன் சட்டென்று முகத்தை நிமிர்த்துவதைக் காணலாம். அடுத்து, சிறுநீர் வந்தால் என்ன சொல்லும், மலம் வந்தால் என்ன சொல்லும், பாலுக்கும் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் என்ன வார்த்தை என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் ‘மூச்சா’ என்பது இன்னொரு வீட்டில் ‘ஒண்ணுக்கு’; ஒரு குழந்தைக்கு ‘மம்மு’ என்றால் சோறு; வேறொன்று ‘பூவா’ என்றுதான் கேட்கும். இந்த அரைப்பக்கக் குறிப்பு இல்லாமையால், கேட்டுக் கேட்டு அலுத்துக் கடைசியில் நனைத்துக்கொண்ட குழந்தையை, ‘சொல்லத் தெரியாதா?’ என்று கடிந்துகொள்ளும் அநியாயம் நிகழ்கிறது. அது சொல்லிற்று, நமக்குத்தான் புரியவில்லை. ஓசூர், திருவள்ளூர்ப் பக்கங்களில் தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்தும், திருப்பூரிலும் சென்னையின் புறநகர்களிலும் இந்தியும் ஒடியாவும் பேசுகிற தொழிலாளர் வீடுகளிலிருந்தும் வரும் குழந்தைகளுக்கு இது இரட்டிப்பு அவசியம். தண்ணீர், பசி, வலி, அம்மா, கழிப்பிடம் ஆகியவற்றுக்கான அவர்களுடைய சொற்களையாவது ஆசிரியை கற்றுக்கொண்டால், அந்தக் குழந்தை தமிழ் கற்கும் வேகம் தானாகவே கூடும்.

வாசலில் பிரிவது

பாலர் பள்ளியின் மிகக் கடினமான நேரம் காலை ஒன்பது மணியிலிருந்து ஒன்பதரை வரை. தாயைப் பிரிந்து நிற்கிற அந்த அரைமணியை எப்படிக் கையாளுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த ஆண்டு முழுவதும் அமையும் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நம் ஊர்களில் வழக்கமாக நடப்பது இது: ‘அதோ பார் காக்கா, அதோ பார் ஆட்டுக்குட்டி’ என்று ஆயாம்மா ஜன்னலோரம் குழந்தையைத் தூக்கிச் சென்று வேடிக்கை காட்ட, தாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிடுகிறாள். நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிற இக்காரியம் குழந்தைக்குக் கற்பிப்பது ஒன்றே ஒன்று: ‘நீ கண்ணை எடுத்தால் அம்மா காணாமற்போய்விடுவாள்.’ மறுநாள் முதல் அது தாயின் முந்தானையை விடாமல் பற்றிக்கொள்வதும், வீட்டில் அவள் கொல்லைப்புறம் போனால்கூட அலறுவதும், இரவில் திடுக்கிட்டு விழித்துத் தடவிப் பார்ப்பதும் இதன் விளைவுகளே. எத்தனை அழுகை வந்தாலும் தாய் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். சொல்லாமல் நழுவுவதைவிடக் கொடியது, ‘அழுதால் ஊசி போட்டுவிடுவார்கள்’, ‘பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான்’ என்று பயமுறுத்துவது. பயத்தினால் அடங்கிய குழந்தை அடங்கியிருக்கிறதே தவிர அமைதியடையவில்லை.

ஜெர்மனியின் குழந்தை நிலையங்களில் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்படும் ‘பெர்லின் முறை’ ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ குழந்தையோடு வந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அறையின் ஓரத்தில் அமர்ந்திருந்து, குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்நாட்களில் பிரித்துப்பார்க்கும் முயற்சியே கூடாது. நான்காம் நாள் தாய் விடைபெற்றுக்கொண்டு சில நிமிஷங்கள் வெளியே போவாள். குழந்தை அழுது, ஆசிரியையின் தேற்றுதலை ஏற்று அடங்கினால் அரைமணி வரை நீட்டலாம். தேறாவிட்டால் இரண்டு மூன்று நிமிஷங்களில் தாயை அழைத்துவிட்டு, அடுத்த வாரம் வரை பொறுத்திருப்பார்கள். வார விடுமுறை கழிந்து வரும் திங்கட்கிழமையில் இந்த முதற்பிரிவை வைத்துக்கொள்வதில்லை.

பனியன் கம்பெனிக்கு ஷிப்டு போகிறவளும் நாற்று நடப் போகிறவளும் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்று ஆசிரியையர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆனால் அம்முறையின் சாரம் தாய் உட்கார்ந்திருப்பதில் இல்லை. குழந்தைக்கு ஏற்கெனவே நம்பிக்கையான ஒருவரின் முன்னிலையில் அது புதியவரோடு பரிச்சயம் கொள்வதில் இருக்கிறது. அப்பத்தாவோ அம்மாச்சியோ வந்து உட்காரலாம். பெரிய வகுப்பில் படிக்கும் அக்காள் விடுமுறை நாளில் வரலாம். தாயே வேலைக்குப் போகுமுன் அரைமணி முந்தி வரலாம். அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் குழந்தை கையில் வைத்துக்கொண்டு வந்தால் அதைப் பிடுங்கி அலமாரியில் வைக்காதீர்கள். வரவேற்பது நாள்தோறும் ஒரே நபராக இருக்கட்டும். தாயிடம், ‘சொல்லிட்டுப் போங்கம்மா, அழுதாலும் நான் பார்த்துக்கிறேன்’ என்று தைரியம் கூறுங்கள். குழந்தையிடம், ‘அம்மா வேலைக்குப் போறாங்க கண்ணு; நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வந்துடுவாங்க’ என்று சொல்லுங்கள். மணிக்கணக்கு அதற்குப் புரியாது. சாப்பாட்டுக்குப் பின் தூக்கம், தூக்கத்துக்குப் பின் அம்மா என்ற வரிசை புரியும். அவ்வரிசை ஒருநாளும் பொய்க்கக் கூடாது.

அழாத குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றிய திரைப்படம் ஒன்றை வெளியிட்டார். பிரிவுக்கு ஆளான சிறு குழந்தை முதலில் கதறி எதிர்ப்பதும், பிறகு சோர்ந்து ஒடுங்குவதும், இறுதியில் பற்றற்றதுபோல் ஆகிவிடுவதும் அவருடைய ஆராய்ச்சியினால் தெளிவாயின. ‘பழகிவிட்டது’ என்று நாம் திருப்தியடைகிற அமைதி அந்த இரண்டாவது நிலையாக இருக்கக்கூடும். மூலையில் விரலைச் சூப்பிக்கொண்டு, பொம்மையையும் தொடாமல், சோற்றையும் தொடாமல், யாருக்கும் தொந்தரவின்றி உட்கார்ந்திருக்கும் குழந்தையே அன்றைய தினம் ஆசிரியையின் மடியை அதிகமாக வேண்டி நிற்கிறது.

சோற்று வேளை

அங்கன்வாடியில் வாரத்தில் சில நாள் அவித்த முட்டை கொடுக்கிறார்கள். ஆயாம்மா சமையற்கட்டிலேயே எல்லா முட்டைகளையும் உரித்து, ஆளுக்கொன்று தட்டில் வைத்துக்கொண்டு போவது விரைவான முறை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஆறின முட்டையை ஓட்டோடு குழந்தையின் தட்டில் வையுங்கள். ஒரு பக்கத்தை நீங்கள் லேசாகத் தட்டி விரிசல் உண்டாக்கிக் கொடுத்தால் போதும். குழந்தை கட்டைவிரலால் நெருடிப் பார்க்கும். ஓட்டின் சிறு துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதை உற்றுப் பார்த்துவிட்டு உங்களிடம் நீட்டும். ‘ஓடு வந்துடுச்சா? இன்னும் இருக்கே!’ என்பீர்கள். அடியிலுள்ள மெல்லிய சவ்வைப் பிடித்து இழுத்தால் பெரிய துண்டாகப் பெயர்ந்து வருவதை அது தானே கண்டுபிடிக்கும். வெள்ளைக்குள்ளே மஞ்சள் இருப்பது அதற்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியந்தான். விரல் நுனிகளுக்குப் பயிற்சி, வெளியே உள்ளே என்ற அறிவு, வழவழப்பு, சொரசொரப்பு, வெள்ளை, மஞ்சள், ‘முடிந்துவிட்டது’ என்ற நிறைவு ஆகிய யாவும் அந்தக் கால்மணியில் அடங்கியிருக்கின்றன. இதையே நிறப் பாடமென்று அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கற்பிக்க முயன்றால், இரண்டரை வயதுக் குழந்தை அட்டையின் மூலையைக் கடிக்கும். மஞ்சட்கரு உலர்ந்து தொண்டையில் அடைத்துக்கொள்ளுமாதலால், அதைப் பிட்டுச் சிறிது சிறிதாகக் கொடுப்பதும், பக்கத்தில் தண்ணீர் வைத்திருப்பதும் நம் பொறுப்பு.

சாம்பார் சோற்றைத் தானே பிசைந்து உண்ணும் குழந்தை பாதியைத் தரையில் சிந்தும். தரையில் பாயை விரித்துவிட்டுச் சிந்த விடுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி, மூக்கைப் பிடித்து, ‘இந்த வாய் அம்மாவுக்கு, இந்த வாய் அப்பாவுக்கு’ என்று திணித்து நிரப்பப்பட்ட வயிறு, பசியையும் நிறைவையும் அறியும் சக்தியை இழக்கிறது. எடை குறைந்த குழந்தையின் விஷயத்தில் ஆசிரியைக்குக் கவலை மிகுவது இயல்பே. அப்போதும் வழி, சிறு அளவாகப் பல தடவை கொடுப்பதும், சத்துமாவை வெறும் உருண்டையாக மட்டுமின்றி வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கஞ்சியாகவும் கொழுக்கட்டையாகவும் மாற்றி மாற்றித் தருவதுமே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்குமாயின், அது வீட்டு வைத்தியத்துக்கும் பாலர் பள்ளியின் சாமர்த்தியத்துக்கும் அப்பாற்பட்ட கடும் ஊட்டக்குறைவு. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கழிப்பிடப் பழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் இதில் செய்யவேண்டியதைக் காட்டிலும் செய்யக்கூடாதவையே அதிகம். சிறுநீரை அடக்கும் தசைகளின் மேல் ஆதிக்கம் பொதுவாக ஒன்றரை வயதுக்குப் பிறகே மெதுவாக வருகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் காலம் வேறு. வந்தவுடனும் சாப்பிட்டவுடனும் தூங்கி எழுந்தவுடனும் அழைத்துப் போவது போதுமானது. எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, போகும்வரை எழுந்திருக்கக் கூடாதென்பது கொடுமை. நனைத்துக்கொண்ட குழந்தையை மற்றவர் முன்னிலையில் ‘சீ, வெட்கம்’ என்று கூறவே கூடாது. மாற்றும்போது, ‘இப்போ ஜட்டியைக் கழட்டுறேன், தண்ணி ஊத்தப்போறேன், சில்லுன்னு இருக்கும்’ என்று சொல்லிக்கொண்டே செய்தால், அந்த மூன்று நிமிஷத்தில் குழந்தை கேட்கிற மொழி, ஒரு மணி நேரக் கூட்டுப் பாட்டில் கேட்பதைவிட அதிகம். அதுவும் தனக்கென்றே பேசப்பட்ட மொழி.

கடிப்பதும் பறிப்பதும்

சிறு குழந்தைகள் கூடும் இடத்தில் கடி உண்டாகாமல் இராது. கன்னத்தில் வட்டமாகப் பல் பதிந்த குழந்தையை மாலையில் தாயிடம் ஒப்படைக்கும் சங்கடம் பெரிதாகையால், ஆசிரியையர் கடித்த குழந்தையின்மேல் கோபம் கொள்வது இயற்கை. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை விரோதத்தினால் கடிப்பதில்லை. பல் முளைக்கும் தினவு, பசி, தூக்கக் கலக்கம், நெரிசல், ‘அது என்னுடையது’ என்று சொல்ல வார்த்தை கிடைக்காமை, சில சமயம் அளவுகடந்த ஆசை ஆகிய காரணங்களில் ஏதேனும் ஒன்று பின்னால் இருக்கும். கடி நிகழ்ந்தால் முதலில் கடிபட்ட குழந்தையைத் தூக்குங்கள். காயத்தை நீரும் சோப்பும் கொண்டு கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். கடித்த குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, கண்ணைப் பார்த்து, ‘கடிச்சா வலிக்கும். கடிக்க நான் விடமாட்டேன்’ என்ற இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். திருப்பிக் கடித்துக் காட்டுவதும், வாயில் மிளகாய் வைப்பேன் என்பதும், கைகட்டி மூலையில் நிறுத்துவதும் கடிப்பதை நிறுத்துவதில்லை.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த நேரம், எந்த இடம், பக்கத்தில் யார், கையில் என்ன பொருள் என்று குறித்துவாருங்கள். ஒரு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் புலப்பட்டுவிடும்: சோற்றுக்கு முந்திய கால்மணியிலோ, கைகழுவக் குழாயடியில் எல்லோரும் முண்டியடிக்கும்போதோ, ஒற்றைச் சிவப்புக் காரின் பொருட்டோ அது நிகழ்ந்திருக்கும். சோற்றைக் கால்மணி முன்னே தள்ளுங்கள். நான்கு நான்கு பேராகக் கைகழுவ விடுங்கள். சிவப்புக் காரைப்போல் இன்னும் இரண்டு வாங்குங்கள். பலவிதமான பொம்மைகள் ஒவ்வொன்றாக இருப்பதைவிட, சிலவிதமான பொம்மைகள் மும்மூன்றாக இருப்பதே இவ்வயதுக்கு உகந்தது. 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி பாலர் பள்ளிக் குழந்தைகளின் ஆட்டத்தைக் கவனித்து வகுத்துக் காட்டியபடி, மிக இளையவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து தத்தம் ஆட்டத்தை ஆடுவார்களேயன்றி, கூடி ஆடுவது மெல்ல மெல்லப் பின்னரே வருகிறது. ஆகையால் ‘தம்பிக்குக் கொடு, நல்ல பிள்ளையில்லே’ என்று கையிலிருப்பதைப் பிடுங்கி மற்றவனுக்குக் கொடுக்கும் ஆசிரியை ஈகையைக் கற்பிக்கவில்லை. பெரியவர்கள் பறிக்கலாம் என்பதைத்தான் கற்பிக்கிறாள். ‘அவ முடிச்சதும் உனக்கு’ என்று சொல்லி, காத்திருப்பவனோடு கூடவே காத்திருங்கள்.

இவ்வளவையும் ஒருத்தி எத்தனை குழந்தைகளுக்குச் செய்ய முடியும்? இந்திய அரசு 2013-இல் வெளியிட்ட முன்பருவக் குழந்தைக் கொள்கை, மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் பத்துக்கு ஒருவர், மூன்று முதல் ஆறு வயது வரை இருபதுக்கு ஒருவர் என்று விகிதம் கூறுகிறது. இங்கிலாந்திலோ இரண்டு வயதினர் ஐவருக்கு ஒருவர் என்பது சட்டம். 2023 வரை அதுவும் நால்வருக்கு ஒருவராக இருந்தது. நம் பத்தே அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பத்தையும் மீறி, இருபத்தைந்து பேரை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு ‘செயல்வழிக் கல்வி’யைப் பற்றிப் பேசுவது அவளுக்கும் குழந்தைகளுக்கும் செய்கிற துரோகம். நிர்வாகத்தினர் இந்நூலைப் படிப்பார்களானால் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டுகிறேன்.

எழுத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். விஜயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுதவைத்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர்கள், ஆடி மாதத்துக்குள் நோட்டு நிரம்ப எழுதவில்லையே என்று விசாரப்படுகிறார்கள். இரண்டரை வயதுக் குழந்தை சுண்ணக்கட்டியை உள்ளங்கை முழுவதாலும் பற்றுகிறது. மணிக்கட்டின் சிற்றெலும்புகளில் பெரும்பாலானவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. மூன்று விரற்பிடி திருத்தமாக அமைய நான்கு வயதை ஒட்டிய காலமாகும். சப்பாத்தி மாவு உருட்டுவதும், ஈரத்துணி பிழிவதும், கோலப்பொடியைச் சிந்துவதும், முருங்கைக்கீரையை ஆய்வதுமே அந்தக் கைக்கு அப்போதைய எழுத்துப் பயிற்சி. பெற்றோரை இவ்விஷயத்தில் பிரசங்கத்தால் மாற்ற முடியாது. ஒருநாள் காலை அவர்களை உள்ளே அழைத்து, கீரை ஆய்கிற தம் குழந்தையின் விரல்களைக் காட்டுங்கள். கதை தினமும் வேண்டும், ஒரே கதையைப் பல நாள் சொல்ல வேண்டும், ஐந்தாறு பேராகச் சுற்றி உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் நம் பாட்டிமார் விளையாட்டு, எந்த அன்னியப் பாட்டுக்கும் குறைந்ததன்று. அதில் அடுத்து என்ன வருமென்று எதிர்பார்த்துக் காத்திருக்கும் மனத்தின் பயிற்சி இருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் ஆசிரியை சந்தேகப் பிராணியாக இருக்க வேண்டும். ஒரு சாண் உயரமில்லாத தண்ணீரில் சிறு குழந்தை மூழ்கிப்போகும். ஆகையால் வாளியும் அண்டாவும் ஒன்று காலியாக இருக்க வேண்டும், அல்லது பூட்டிய கதவுக்குள் இருக்க வேண்டும். புளியங்கொட்டை, சோழி, மணி, பட்டன், முழு நிலக்கடலை முதலியவை மூன்று வயதுக்குட்பட்டோர் அறையில் இருக்கலாகாது. பல்லாங்குழி பெரிய குழந்தைகளுக்கு. மூக்கில் கொட்டையைப் போட்டுக்கொண்டால் ஊக்காலோ குச்சியாலோ தோண்டாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொண்டையில் அடைத்து இருமவும் முடியாமல் திணறினால் குனியவைத்து முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். மேற்கொண்டு செய்யவேண்டிய வயிற்று அழுத்தத்தை மருத்துவரிடமோ தாதியிடமோ நேரில் பயின்றிருப்பது ஒவ்வொரு ஆசிரியையின் கடமை. அடுப்பும் குழந்தைகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் பள்ளிகளைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு பதைக்கிறது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ, கூரை வேய்ந்த வகுப்பறைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை இத்தொழிலில் இருக்கும் யாரும் மறக்கலாகாது. சமையலறைக்குத் தனிச் சுவர், தனிக் கதவு, கதவுக்குத் தாழ். வகுப்பறைக்கு இரண்டு வாசல், இரண்டும் திறந்த நிலையில். இவை இல்லாத கட்டடத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நோய்கள் பற்றித் தனி அத்தியாயம் பின்னால் வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஒரு பொட்டலம் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடியை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து அடிக்கடி சிறிது கொடுப்பதையும், காய்ச்சலும் கொப்புளமும் கண்ட குழந்தையை வீட்டில் வைத்திருக்கும்படி தாயிடம் அன்போடு ஆனால் உறுதியாகச் சொல்லுவதையும் மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

முதலில் சொன்ன பிரிவினைக்கே மீண்டும் வருகிறேன். ஆயாம்மாவைக் குழந்தைகள் முன்னிலையில் ஒருமையில் அதட்டுகிற ஆசிரியை, தன் வகுப்பின் அஸ்திவாரத்தைத் தானே தோண்டுகிறாள். கழுவுகிறவரும் ஊட்டுகிறவருமே குழந்தையின் கண்ணில் முதன்மையான ஆசிரியர். வாரத்தில் ஒருநாள் ஆயாம்மா கதை சொல்லட்டும், ஆசிரியை கால் கழுவிவிடட்டும். இருவரும் மாலையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, இன்று யார் சாப்பிடவில்லை, யார் புதிதாக ஒரு வார்த்தை பேசினாள் என்று பேசிக்கொள்ளுங்கள். ஆயாம்மா கவனித்ததில் பாதியை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இப்பெண்மணிகளின் உழைப்பைத் தொண்டென்று புகழ்ந்து ஊதியத்தில் கைவைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடைக்கு உரியவர்களே என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25-ஆம் தேதி தீர்ப்பளித்தது. திட்டம் தொடங்கி ஏறத்தாழ 47 ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன.

கடைசியாக, மாலையில் குழந்தையை ஒப்படைக்கும் முறை. வேலை முடிந்து களைத்து வரும் தாயிடம் மூன்று செய்திகள் கூறுங்கள்: எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, மலம் கழித்ததா. இவற்றோடு அன்று அது செய்த நல்ல காரியம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடித்தது, அடித்தது முதலிய முறையீடுகளை வாசலில் குழந்தையின் தலைக்கு மேலாகப் பேச வேண்டாம். அதற்கு வேறொரு நாள் தாயை உட்காரவைத்துப் பேசுங்கள். யார் யாரிடம் குழந்தையை அனுப்பலாம் என்று சேர்க்கையின்போதே தாயிடம் கேட்டு, பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதி, முடிந்தால் படத்தோடு, கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். பட்டியலில் இல்லாத ஒருவர், ‘நான் மாமாதான், அக்கா அனுப்பிச்சாங்க’ என்று வந்து நின்றால், குழந்தை அவரிடம் தாவிச் சென்றாலுங்கூட, அவரை மரியாதையோடு திண்ணையில் உட்காரச் சொல்லி, தாயின் குரலைக் கைப்பேசியில் நீங்களே கேட்ட பிறகே கதவைத் திறங்கள்.